ரோட் ஐலண்டை நிறுவிய ரோஜர் வில்லியம்ஸ்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் அடங்கிய ஐம்பது மாகாணங்களுள் விஸ்தீரணத்தில் மிகச் சிறியது ரோட் ஐலண்டு என்னும் மாகாணமாகும். வடக்குத் தெற்காக ஏறக்குறைய 48 மைலும், கிழக்கு மேற்காக 37 மைலும் உடையது. அதன் நிலப்பரப்பு சுமார் 1,030 சதுர மைலே. மலை என்று சொல்லத்தக்கதொன்றும் அங்கில்லை. அதன் மிக உயர்ந்த மேடும் 812 அடிக்கு மேற்பட்டதன்று. நாரகான்சட் என்னும் விரிகுடா தெற்கிலிருந்து உட்புகுந்து அம்மாகாணத்தை ஏறக்குறைய இரண்டாகப் பிளக்கின்றது. அவ்விரிகுடாவில் முப்பதுக்கு மேற்பட்ட தீவுகள் உள்ளன. அவற்றுட் பெரியதாகிய அக்விட்நெக் தீவுக்கு வழங்கிய பெயரே பின்னர் மாகாணம் முழுவதற்கும் ஆயிற்று. இத்துணைச் சிறிய நிலப்பகுதி உலக சரித்திரத்தில் பெரியதோர் இடத்தைப் பெற்றிருப்பதற்குக் காரணம் அதன் செல்வமுமன்று, படைவலியுமன்று. மனிதனுடைய மனச்சாட்சியின்மேல் அரசாங்கத்துக்கு அதிகாரமில்லை என்னும் கொள்கையை அடிப்படையாகக் கொண்டு அது நிறுவப்பட்டமையே காரணமாகும். அக்கொள்கைக்காக வீடிழந்து, நாடிழந்து, பனியில் அலைந்த ஒருவரின் வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் கூறுவாம்.

ரோஜர் வில்லியம்ஸ் லண்டன் மாநகரில் ஏறக்குறைய 1603-ஆம் ஆண்டில் பிறந்தார். அவர் தந்தையார் துணி வியாபாரத்தோடு தொடர்புடைய தையற்காரர் சங்கத்தைச் சேர்ந்தவர். அவர்கள் வசித்த ஸ்மித்பீல்டு என்னும் பகுதி, மத விஷயத்தில் அரசாங்கத்தோடு மாறுபட்டோரைத் தீயிலிட்டுக் கொன்ற இடமென்று பேர் பெற்றது. 1612-ஆம் ஆண்டில் பார்த்தலோமியு லெகேட் என்பார், திருச்சபைக்கு மாறான கோட்பாடு உடையவர் என்ற குற்றத்துக்காக அங்கே எரிக்கப்பட்டார். அப்பொழுது வில்லியம்ஸ் ஏறக்குறைய ஒன்பது வயதுச் சிறுவர். பின்னாளில் அவர் கைக்கொண்ட கொள்கைக்கு அவ்வூரின் நினைவுகளும் ஒரு வித்தாயிருந்திருக்கலாமென்று எண்ண இடமுண்டு.

இளமையிலேயே அவர் சுருக்கெழுத்துப் பயின்றிருந்தார். இங்கிலாந்தின் தலைசிறந்த சட்ட நிபுணராகிய ஸர் எட்வர்டு கோக், இவ்விளைஞரின் கூர்மதியைக் கண்டு, நியாயசபை நடவடிக்கைகளைக் குறித்தெழுதும் வேலைக்கு அமர்த்திக்கொண்டதோடு, 1621-ஆம் ஆண்டில் சார்ட்டர்ஹவுஸ் பாடசாலையிற் சேர்த்துப் படிப்பிக்கவும் செய்தார். அரசனும் சட்டத்துக்கு உட்பட்டவனே என்று அஞ்சாது வாதித்த அப்பெரியாரின் நிழலில் வளர்ந்தது வில்லியம்ஸுக்குக் கிடைத்த பெரும் பேறாகும். பின்னர் அவர் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் பெம்புரோக் கல்லூரியிற் கற்று, 1627-ஆம் ஆண்டில் பி.ஏ. பட்டம் பெற்றார். லத்தீன், கிரேக்கம், எபிரெயம், பிரெஞ்சு, டச்சு ஆகிய பாஷைகளில் அவருக்கு நல்ல பயிற்சியுண்டு. பிற்காலத்தில், மகாகவி மில்டனுக்கு டச்சு மொழி கற்பித்து, அவரிடமிருந்து வேறு மொழிகளைப் பயின்றார் எனின், அவருடைய கல்வியின் திறத்தைக் கூறவும் வேண்டுமோ?

படிப்பை முடித்தபின் அவர் குருப்பட்டம் பெற்று, ஒரு பிரபுவின் இல்லத்தில் குருவாக அமர்ந்தார். 1629-ஆம் ஆண்டில் மேரி பர்னார்டு என்னும் பெண்மணியை மணந்தார். அக்காலத்தில் இங்கிலாந்தின் அரச திருச்சபையைச் சுத்திகரிக்க விரும்பிய பியூரிட்டன்மார் பலவகை நெருக்கடிகளுக்கு உள்ளாயினர். அவர்களுட் பலர் அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டி, மாஸசூஸெட்ஸ் என்னுமிடத்திற் குடியேறத் தலைப்பட்டனர். வில்லியம்ஸும் மனைவியாரோடு 1630-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் கப்பலேறி, 1631-ஆம் ஆண்டு பிப்ரவரியில் பாஸ்டனுக்கு அருகே கரையிறங்கினார்.

பாஸ்டன் சபையார் அவரை உவந்து வரவேற்றுப் போதகர் பதவியையும் அளிக்க முன்வந்தனர். இருபத்தெட்டு வயதுள்ள ஓர் இளைஞருக்கு அது எளிதிற் கிடைக்கும் சிறப்பன்று. எனினும் அவர் அதை மறுத்துவிட்டார். அச்சபை இங்கிலாந்தின் அரச சபையோடு தொடர்பை முற்றும் அறுத்துக்கொள்ளவில்லை என்பது அவர் கூறிய ஒரு காரணம். மற்றொரு காரணம் அதனினும் முக்கியமானது. பத்துக் கற்பனைகளுள் முதல் நான்கும் மனிதனுக்கும் தேவனுக்கும் உள்ள சம்பந்தத்தைக் குறிப்பன; ஆதலின் அவற்றை மீறியவனைத் தண்டிக்க நீதிபதிக்கு உரிமையில்லை என்று அவர் வாதித்தார். தங்கள் மனச்சாட்சியின் பொருட்டுத் தாய்நாட்டைத் துறந்து வந்த பியூரிட்டன்மார், பிறர் மனச்சாட்சிக்கு இடந்தர விரும்பாதது சரித்திரத்தின் விசித்திரங்களுள் ஒன்றாகும். அவர்கள் நாட்டில் ஆராதனைக்கு வராதவனைத் தண்டிப்பதும், சபையில் அங்கமில்லாதவனுக்கு வாக்குரிமை மறுப்பதும் சட்டமாயிருந்தன.

பாஸ்டனைவிட்டு வில்லியம்ஸ் பிளிமத் நகரிலும், சேலம் நகரிலும் ஊழியஞ் செய்தார். (இச்சேலம் நம் நாட்டுச் சேலமன்று; எருசலேமின் பழம்பெயரை நினைந்து பியூரிட்டன்மார் இட்ட பெயர்.) அந்நாட்களில் அவர் செவ்விந்தியர்களின் புகை நிறைந்த குடிசைகளிற் சென்று தங்கி, அவர்களுடைய மொழியை முயன்று கற்றார். அவர்களோடு பழகப்பழக, மற்றொரு வினா அவர் உள்ளத்தில் எழுந்தது. இந்நிலம் யாருக்குரியது? அங்கே தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்துவரும் ஜனங்களிடத்தில் விலைகொடுத்து வாங்காமல், கடலுக்கப்பாலிருக்கும் அரசன் தன் சாசனத்தால் எவ்வாறு அதனைத் தானஞ் செய்யக்கூடும்? இவ்வினாவை அவர் வெளிப்படையாகக் கேட்டார். குடியேறியோரின் உரிமைக்கே அடிப்படையான சாசனத்தை அவர் குறைகூறியது தலைவர்களுக்குப் பெரும் அச்சத்தை விளைத்தது.

1635-ஆம் ஆண்டு அக்டோபரில் மாஸசூஸெட்ஸ் மகாசபை அவரை விசாரித்து, நாட்டைவிட்டு வெளியேறவேண்டுமென்று தீர்ப்பளித்தது. அவர் நோயுற்றிருந்தார், மனைவியார் இரண்டாம் பெண்மகவை ஈன்ற சமயம். ஆகவே, தம் கொள்கைகளைப் பரப்பாமலிருப்பின் வசந்த காலம்வரை தங்கலாமென்று சலுகை காட்டினர். வாய்மூடியிருத்தல் அவருக்கு இயலாததாயிற்று. அவர் வீட்டில் அன்பர்கள் கூடி அவர் பேச்சைக் கேட்டுவந்தனர். இதையறிந்த அதிகாரிகள் அவரைப் பிடித்து இங்கிலாந்துக்குக் கப்பலேற்றிவிட 1636-ஆம் ஆண்டு ஜனவரியில் ஆளனுப்பினர். ஆனால் அவர்கள் வந்து பார்த்தபொழுது, அவர் போய் மூன்று நாட்களாயிருந்தன. முன்னாள் கவர்னராகிய ஜான் விந்திராப் என்பார், தீர்ப்பளித்த கட்சியைச் சேர்ந்தவராயினும், நட்பின் காரணமாக, நாரகான்சட் விரிகுடாப் பக்கம் செல்லுமாறு அவருக்கு இரகசியமாக ஆலோசனை கூறியிருந்தார்.

அவ்வட தேசத்து மாரிக்காலம் எத்தன்மையதென்பதை நம் நாட்டில் வாழ்வோர் எளிதில் உணரமாட்டார். எங்கும் உறைபனி, பாதையில்லாத காடு, கையில் அதிக உணவுமில்லை. பதினான்கு வாரங்கள் அவர் இவ்வாறு அலைந்தார். வெண்ணிறக் கிறிஸ்தவர்கள் துரத்திய அவரை, கிறிஸ்துவின் பெயரையறியாத வாம்பனோவாக் மக்கள் தங்கள் குடிசைகளில் ஏற்று உணவளித்துக் காத்தனர். அவர்களுடைய தலைவர் மாஸஸாயிட் அவருக்குப் பழைய நண்பர். எலியா தீர்க்கதரிசியைக் காகங்கள் போஷித்த வரலாற்றை வில்லியம்ஸ் தம் வாழ்நாள் முழுவதும் மறந்தவரல்லர்.

வசந்தம் வந்ததும் அவர் ஸீகாங்க் ஆற்றங்கரையில் குடிசை கட்டி விதை விதைத்தார். அவ்விடமும் பிளிமத் எல்லைக்குட்பட்டதென்று அந்நகரத்தார் அறிவிக்கவே, விதைத்த பயிரையும் விட்டுவிட்டு, சில தோழர்களோடு ஓடமேறி ஆற்றைக் கடந்தார். நாரகான்சட் இனத்தாரின் தலைவர்களாகிய கனானிகஸ், மியாண்டனோமி என்னும் இருவரும் அவருக்கு நிலம் வழங்கினர். அத்துணைத் துன்பத்திலும் தம்மைக் கைவிடாத தேவனுடைய அருளை நினைந்து, தேவபராமரிப்பு என்று பொருள்படும் பிராவிடன்ஸ் என்ற பெயரை அவ்வூருக்கு இட்டார். இது நிகழ்ந்தது 1636-ஆம் ஆண்டு. பின்னர் அங்கே பிறந்த தம் மகனுக்கும் அப்பெயரையே சூட்டினார்.

புதிய ஊரில் வந்துசேர்ந்தோர் பெரும்பான்மையோரின் தீர்மானத்துக்குக் கீழ்ப்படிவதாக உடன்படிக்கை எழுதிக் கையொப்பமிட்டனர். அவ்வுடன்படிக்கையில் ஒரு சிறு நிபந்தனை இருந்தது. அக்கீழ்ப்படிதல் லௌகிக விஷயங்களில் மாத்திரமே என்பதுதான் அது. அந்நிபந்தனையே அவ்வூரைப் பிற ஊர்களினின்றும் வேறுபடுத்தியது. 1638-ஆம் ஆண்டில் அதற்கொரு சோதனையும் வந்தது. ஜாஷுவா வெரின் என்பவர் தம் மனைவியை வில்லியம்ஸ் வீட்டில் நடந்த ஆராதனைக்குப் போகவொட்டாமல் அடித்துத் தடுத்தார். மனைவி கணவனுக்கு அடங்கியவளன்றோ என்று சிலர் அவருக்குப் பரிந்து பேசினர். ஊரார் கூடி ஆராய்ந்து, மனச்சாட்சியின் சுதந்தரம் மனைவிக்கும் உரியதே என்று முடிவுகட்டி, வெரினுடைய வாக்குரிமையைப் பறித்தனர். முந்நூற்றெண்பது ஆண்டுகளுக்கு முன்னர் இவ்விதத் தீர்ப்பு வழங்கப்பட்டதென்பது வியக்கத்தக்கதே.

அவ்வாண்டிலேயே மாஸசூஸெட்ஸிலிருந்து துரத்தப்பட்ட ஆன் ஹட்சின்ஸன் அம்மையாரும் அவர் கூட்டத்தாரும் அக்விட்நெக் தீவிற் குடியேற வில்லியம்ஸ் உதவினார். அமெரிக்காவின் முதல் பாப்டிஸ்டு சபையும் ஏறத்தாழ அப்பொழுதே பிராவிடன்ஸில் அவர் முயற்சியால் தோன்றியது. ஆயினும் சில மாதங்களுக்குள் அவர் அதனினின்றும் விலகினார். பூமியிலுள்ள எச்சபையும் அப்போஸ்தலர் காலத்து மெய்ச் சபையன்றென்பது அவர் எண்ணம். அவர் தளர்ந்த விசுவாசமுடையவராதலால் பிறருக்குச் சுதந்தரமளித்தார் என்று கருதுவோர் பெரிதும் தவறுவர். விசுவாசம் அவருக்கு உயிரினும் சிறந்ததாயிருந்தமையாலேயே, வாளின் முனையில் வரும் விசுவாசம் விசுவாசமன்று என்று அவர் கண்டார்.

தம்மைத் துரத்தியவர்களிடத்தில் அவர் பகைமை பாராட்டவில்லை. 1636-ஆம் ஆண்டில் பீக்வாட் இனத்தார், நாரகான்சட் மக்களைத் தங்களோடு சேர்த்துக்கொண்டு ஆங்கிலேயர்மேற் போர்தொடுக்க முயன்றனர். மாஸசூஸெட்ஸ் தலைவர்கள் வேறு வழியின்றி வில்லியம்ஸை வேண்டினர். அவர் புயலையும் பொருட்படுத்தாமல் தனியே ஓடத்திற் சென்று, நாரகான்சட் தலைவரின் இல்லத்தில் பீக்வாட் தூதர்களோடு மூன்று நாள் தங்கி, அவ்வுடன்படிக்கை நிகழாதபடி தடுத்தார். இவ்வளவு செய்தும் மாஸசூஸெட்ஸ் சபை தன் தீர்ப்பை மாற்றவில்லை. 1936-ஆம் ஆண்டில்தான், முந்நூறு ஆண்டுகள் கழிந்தபின், அத்தீர்ப்பு நீக்கப்பட்டது.

அயலிலுள்ள குடியேற்றங்கள் பிராவிடன்ஸையும் சுற்றியுள்ள ஊர்களையும் விழுங்கிவிட முயன்றமையால், அரசாங்க சாசனம் அவசியமாயிற்று. பாஸ்டன் துறைமுகம் தமக்கு அடைபட்டிருந்தபடியால், 1643-ஆம் ஆண்டில் வில்லியம்ஸ் டச்சுக்காரரின் துறைமுகத்திலிருந்து கப்பலேறி இங்கிலாந்து சென்றார். பிரயாணத்தின்போது செவ்விந்தியர் மொழியையும் வழக்கங்களையும் விளக்கும் நூலொன்றை எழுதி, அவ்வாண்டிலேயே லண்டனில் அச்சிட்டார். 1644-ஆம் ஆண்டு மார்ச்சில் பார்லிமெண்டின் சாசனம் கிடைத்தது. அவ்வாண்டிலேயே மத ஹிம்சையைக் கண்டித்து அவர் வெளியிட்ட பெருநூலைத் தீக்கிரையாக்கும்படி அதே பார்லிமெண்டு உத்தரவிட்டது. ஒரு கையால் சாசனமும், மறு கையால் நெருப்பும் பெற்றுத் திரும்பினார் எனலாம்.

1654 முதல் 1657 வரை அவர் அக்குடியேற்றத்தின் தலைவராயிருந்தார். சுதந்தரமெனில் எச்சட்டத்துக்கும் கீழ்ப்படியாமையே என்று சிலர் கலகம் விளைத்தபொழுது, கப்பலொன்றை உவமையாகக் காட்டி அவர்களுக்கு ஒரு நிருபம் எழுதினார். ஒரே கப்பலில் கத்தோலிக்கரும், புராட்டஸ்டண்டினரும், யூதரும், முகம்மதியரும் பிரயாணஞ் செய்யலாம். கப்பலின் பிரார்த்தனைக்கு வரும்படி ஒருவரையும் வற்புறுத்துதலாகாது. அவரவர் பிரார்த்தனையைத் தடுத்தலுமாகாது. ஆனால் கப்பலைச் செலுத்துதலும், ஒழுங்கைக் காத்தலும் தலைவன் கடமை. கூலி கொடுத்தலும், வேலை செய்தலும், அமைதி காத்தலும் யாவர் கடமையுமாம். இவ்வுவமையின் கருத்து இதுவே. சுதந்தரத்தின் எல்லையையும் சட்டத்தின் எல்லையையும் இதனினும் தெளிவாக விளக்குதல் அரிது.

குவேக்கர்மார் பாஸ்டனில் சவுக்கடிபட்டுத் தூக்கிலிடப்பட்ட காலத்தில், அவர்களுக்கு ரோட் ஐலண்டு அடைக்கலமாயிருந்தது. வில்லியம்ஸுக்கோ குவேக்கர் கோட்பாடுகள் சிறிதும் பிடிப்பதில்லை. 1672-ஆம் ஆண்டில், எழுபது வயதை எட்டிய கிழவராகிய அவர், தாமே துடுப்பு வலித்து நாள் முழுவதும் ஓடத்திற் சென்று, நள்ளிரவில் நியூபோர்ட்டை அடைந்து, மூன்று நாள் அவர்களோடு கடுமையாக வாதாடினார். அவர்கள் கொள்கையைத் தூற்றி நூலும் எழுதினார். ஆனால் அவர்களைத் துரத்தவேண்டுமென்று ஒருபொழுதும் சொன்னாரல்லர். நமக்கு உடன்பாடானவரைப் பொறுத்தல் எளிது. நமக்கு முற்றும் மாறானவரைப் பொறுத்தலே பொறையாம்.

அவருடைய இறுதிக்காலம் துயரம் நிறைந்தது. 1675-ஆம் ஆண்டில் மாஸஸாயிட்டின் மைந்தர் மெடகம் என்பாருக்கும் ஆங்கிலேயருக்கும் பெரும்போர் மூண்டது. அவ்வாண்டு டிசம்பரில் ஆங்கிலப்படை நாரகான்சட் மக்களின் சதுப்புநிலக் கோட்டையைத் தாக்கிப் பெண்களும் குழந்தைகளும் உட்படப் பலரை அழித்தது. 1676-ஆம் ஆண்டு மார்ச்சில் நாரகான்சட் வீரர் பிராவிடன்ஸுக்குத் தீயிட்டனர். வில்லியம்ஸின் வீடும் எரிந்தது. நாற்பதாண்டு நட்பு அந்நெருப்பிற் சாம்பலாயிற்று. அதன்பின் நிகழ்ந்தது அதனினும் வருந்தத்தக்கது. சிறைப்பட்ட செவ்விந்தியரைக் குறிப்பிட்ட காலத்துக்கு அடிமைத்தொழிலுக்கு விற்பதற்கு ஊரார் அமைத்த குழுவில் வில்லியம்ஸும் ஒருவராயிருந்து, அவ்விற்பனையிற் பங்கும் பெற்றார். தம்மைப் பனியிற் காத்த மக்களின் சந்ததியார் விலைப்பொருளாவதை அவர் தடுக்கவில்லை. அவரைப் புகழ்வோர் இதனை மறைத்தல் முறையன்று. மனச்சாட்சியின் உரிமையைத் தெளிவாகக் கண்ட கண்ணும், பிறனுடைய உடலின் உரிமையைக் காணுங்கால் மங்கிவிட்டது.

இக்குறை அவரோடு ஒழிந்ததுமன்று. பிராவிடன்ஸ், வார்விக் ஆகிய ஊர்கள் 1652-ஆம் ஆண்டில் ஒருவனைப் பத்தாண்டுக்கு மேல் அடிமையாக வைத்திருத்தல் கூடாதென்று சட்டமியற்றின. அச்சட்டம் ஏட்டளவிலேயே நின்றது. பதினெட்டாம் நூற்றாண்டில் நியூபோர்ட், பிரிஸ்டல் துறைமுகத்துக் கப்பல்கள் ஆப்பிரிக்க அடிமை வியாபாரத்தில் முன்னணியில் நின்றன. சுதந்தரத்தின் பிறப்பிடமே அடிமைச் சந்தையாகவும் இருந்ததென்பது நினைவிற் கொள்ளவேண்டிய உண்மையாகும்.

வில்லியம்ஸ் 1683-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வறியவராகவே இறந்தார். 1860-ஆம் ஆண்டில் அவர் கல்லறையென்று கருதப்பட்ட இடத்தைத் தோண்டியபொழுது எலும்புகள் கிடைக்கவில்லை. ஆப்பிள் மரத்தின் வேரொன்று மனித உடல்போல வளைந்து கிடந்தது. அவ்வேரை அம்மாகாணத்துச் சரித்திர சங்கத்தார் இன்றும் பாதுகாத்து வருகின்றனர். 1939-ஆம் ஆண்டில் நகரை நோக்கும் குன்றின்மேல் அவருக்குச் சிலை எழுப்பப்பட்டது.

எனினும் அவருடைய உண்மையான ஞாபகச்சின்னம் கல்லிலன்று. ஜான் கிளார்க் என்பாரின் முயற்சியால் 1663-ஆம் ஆண்டில் கிடைத்த அரச சாசனம், மத சம்பந்தமான கருத்து வேற்றுமைக்காக ஒருவரும் துன்புறுத்தப்படலாகாதென்று விதித்தது. அது 1843-ஆம் ஆண்டுவரை அம்மாகாணத்தின் அடிப்படைச் சட்டமாயிருந்தது. 1763-ஆம் ஆண்டில் நியூபோர்ட்டில் யூதர் கட்டிய ஜெப ஆலயம் அமெரிக்காவில் இன்றும் நிற்கும் ஜெப ஆலயங்களுள் மிகப் பழையது. 1764-ஆம் ஆண்டில் நிறுவப்பட்டுப் பிற்காலத்தில் பிரவுன் சர்வகலாசாலை எனப் பெயர் பெற்ற கல்லூரி, மாணவரை மதச் சோதனையின்றிச் சேர்த்துக்கொண்டது. ஐக்கிய நாடுகளின் அரசியற் சட்டத்தைப் பதின்மூன்று மாகாணங்களுள் கடைசியாக 1790-ஆம் ஆண்டிலேயே ரோட் ஐலண்டு ஏற்றது. மறு ஆண்டில் அச்சட்டத்தோடு சேர்க்கப்பட்ட முதல் திருத்தம், மத்திய அரசாங்கம் எம்மதத்தையும் ஸ்தாபிக்கலாகாதென்று விதித்தது. மாகாணத்தின் முத்திரையில் நங்கூரமும், நம்பிக்கை என்னும் பொருளுடைய ஒரே சொல்லும் பொறிக்கப்பட்டிருத்தல் பொருத்தமே.

மாணவ நண்பர்காள்! பல மதத்தாரும் பல மொழியினரும் ஒரே கூரையின்கீழ் கற்கும் கல்லூரியில் நாம் வாழ்கின்றோம். நம் விசுவாசத்தை விட்டுக்கொடாமலே பிறர் விசுவாசத்துக்கு இடந்தரலாம் என்பதை இவ்வரலாறு கற்பிக்கின்றது. ஒரு நீதியைக் கண்டவன் மற்றொரு நீதியைக் காணத் தவறக்கூடும் என்பதையும் அதுவே எச்சரிக்கின்றது. முன்னதைக் கைக்கொண்டு, பின்னதை அஞ்சி நடப்பதே அப்பெரியாருக்கு நாம் செலுத்தும் தகுந்த மரியாதையாகும்.